விரல் நுனி சிதைந்தால் வெட்டித் தைப்பதுதான் வழியா? தோல் மடல் சிகிச்சை: முதல் நிமிடத்திலிருந்து வேலைக்குத் திரும்பும் நாள் வரை

பிரஸ் மெஷினில் கை சிக்கி வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருவார்கள். கையில் சுற்றிய துண்டு, அதற்கு மேல் இறுக்கிக் கட்டிய பாலிதீன் பை, பக்கத்தில் முகம் வெளுத்துப்போன ஒரு சக தொழிலாளி. இரவுப் பணியிலிருந்து நேராக வந்த 26 வயது இளைஞர் ஒருவரின் துண்டை நான் பிரித்தபோது, அவர் விரலைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்தபடியே, "எடுத்துட்டுத் தச்சு விட்ருங்க சார், பத்து நாள்ல வேலைக்குப் போகணும்" என்றார். வலது ஆள்காட்டி விரலின் நுனிச் சதை, உள்ளங்கைப் பக்கமாகச் சாய்வாகச் சீவப்பட்டிருந்தது. நடுவில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. நகம் முக்கால்வாசி அப்படியே இருந்தது. அறுந்து போன சதை நசுங்கிக் கூழாகிவிட்டதால் அதைத் திரும்பப் பொருத்த வழியில்லை.

எலும்பைக் கொஞ்சம் குறைத்து, மிச்சத் தோலை இழுத்துத் தைத்தால் அரை மணி நேர வேலை. அது தவறான சிகிச்சை அல்ல, சிலருக்கு அதுதான் சரி. ஆனால் இவருக்கு வயது 26, அடிபட்டது வலது கை, நகமும் எலும்பும் நன்றாக இருந்தன. போனது மேலே மூடும் சதை மட்டும். அதனால் மடல் சிகிச்சையைப் பற்றிச் சொன்னேன். அம்மாவிடம் போனில் பேசிவிட்டு ஒப்புக்கொண்டார். அவரைப் போன்றவர்களுக்கும் அவர்களைக் கூட்டிவரும் குடும்பத்துக்கும்தான் இதை எழுதுகிறேன். இதைப் படித்து நீங்களே முடிவெடுக்க வேண்டாம். உங்கள் டாக்டரிடம் சரியான கேள்விகளைக் கேட்க இது உதவட்டும்.

ஒட்டுத் தோலும் மடலும் ஒன்றல்ல

ஒட்டுத் தோல் என்பது தொடையிலிருந்தோ கையிலிருந்தோ முழுதாகப் பிரித்தெடுத்த தோல். அதற்குச் சொந்த இரத்த ஓட்டம் கிடையாது. முதல் ஓரிரு நாள் புண்ணின் ஈரத்தில் பிழைத்துக் கிடக்கும். அப்புறம் அடியிலிருந்து புதிய இரத்தக்குழாய்கள் ஏறி வரவேண்டும். அதனால் நல்ல சதை இருக்கும் இடத்தில் பிடிக்கும். வெறும் எலும்பின் மேலும், உறை உரிந்த தசைநாணின் மேலும் பிடிக்காது.

மடல் என்பது, தன் இரத்தக்குழாயோடு சேர்ந்தே நகர்ந்து வரும் தோலும் சதையும். வீட்டில் மல்லிகைப் பதியம் போட்டவர்களுக்கு இது எளிதில் புரியும். கொடியை வெட்டாமலே வளைத்து மண்ணில் புதைக்கிறோம். தாய்ச்செடி அதற்கு உணவு கொடுத்துக்கொண்டே இருக்கும். புது மண்ணில் வேர் பிடித்த பிறகுதான் தாய்ச்செடியிலிருந்து வெட்டுகிறோம். சில மடல்கள் அப்படியே பதியம்தான். வேறு சில, வேரை விடாமல் கொஞ்சம் தள்ளி நகர்பவை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். நாம் பேச்சில் எல்லாவற்றையும் 'நரம்பு' என்றே சொல்கிறோம். "நரம்பு கட்டாயிடுச்சா டாக்டர்?" என்ற கேள்விக்கு மூன்று வெவ்வேறு பதில்கள் உண்டு. விரலை மடக்குவது தசைநாண், இரத்தம் கொண்டு வருவது இரத்தக்குழாய், தொட்டால் தெரியவைப்பது உணர்வு நரம்பு. இந்தக் கட்டுரையில் 'நரம்பு' என்றால் மூன்றாவது மட்டும்.

அடிபட்ட முதல் மணி நேரம்

மெஷினை நிறுத்துங்கள். சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள். விரல் நுனி இரத்தக்கசிவு இதிலேயே பெரும்பாலும் நின்றுவிடும். ரப்பர் பேண்ட், சணல், மின்கம்பி எதையும் கொண்டு விரலை இறுக்கிக் கட்டாதீர்கள். அதை அவிழ்க்க மறந்து, பிழைத்திருக்க வேண்டிய சதையும் கறுத்துப்போய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு வேண்டாம். அத்தனையையும் நாங்கள் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். மோதிரம் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள்.

அறுந்த துண்டு கிடைத்தால், எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கொண்டு வாருங்கள். சலைனில் நனைத்துப் பிழிந்த காஸ் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். துண்டு நேராக ஐஸில் படக்கூடாது, பட்டால் உறைந்து செத்துவிடும். திரும்பப் பொருத்த முடியாவிட்டாலும் அதிலிருந்து நகப்படுகையோ (நகத்துக்கு அடியில் ஒட்டியிருக்கும் சதை) தோலோ பயன்படலாம். கிளம்புவதற்கு முன் எதுவும் சாப்பிட வேண்டாம், மயக்க மருந்து தேவைப்படலாம்.

டாக்டர் எதைப் பார்க்கிறார்

மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்பே உணர்வைச் சோதிக்க வேண்டும். ஊசி போட்ட பிறகு கேட்டால் எல்லா விரலும் மரத்துத்தான் இருக்கும். ஒவ்வொரு கணுவையும் மடக்கி நீட்டச் சொல்வார். எக்ஸ்ரே எடுப்பார். தடுப்பு ஊசி, அதாவது டெட்டனஸ், எப்போது போட்டீர்கள் என்று கேட்பார். சர்க்கரை நோய் உண்டா, சிகரெட் பீடி உண்டா, எந்தக் கை பழக்கம், என்ன வேலை என்ற கேள்விகளும் வரும். இவை சும்மா பேச்சுக்காகக் கேட்பவை அல்ல. நிகோடின் சிறு இரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். விரலில் நாம் நம்பி இருக்கும் குழாயே ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிமன்தான். அதனால் இந்தக் கேள்விக்குப் பொய் சொல்லாதீர்கள்.

அப்புறம் வெட்டின் திசை. குறுக்கே நேராக வெட்டுப்பட்டதா, நகப் பக்கம் அதிகம் போயிருக்கிறதா, உள்ளங்கைப் பக்கம் அதிகம் போயிருக்கிறதா, ஒரு பக்கவாட்டில் சரிந்திருக்கிறதா? எந்த மடல் என்பதைப் பாதிக்கு மேல் முடிவு செய்வது இந்தத் திசைதான்.

மடல் தேவையே இல்லாத புண்கள்

இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எலும்பு தெரியாமல், ஒரு சதுர சென்டிமீட்டருக்குள் தோல் போயிருந்தால், மடல் வேண்டாம், ஒட்டுத் தோலும் வேண்டாம். சுத்தம் செய்து, ஈரம் காக்கும் கட்டுப் போட்டுவிட்டால் 3 முதல் 6 வாரத்தில் விரல் தானே சதை வளர்த்து மூடிக்கொள்ளும். அப்படி மூடிய நுனிக்கு உணர்வும் நன்றாகவே இருக்கும். கதவிடுக்கில் நுனி நசுங்கிய குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இதுவே போதும். கட்டுக்குள் பழுப்பாக, நாற்றமடிக்கும் திரவம் சேரும். சீழ் என்று பயந்து தினமும் பிரித்துப் பார்க்கும் அம்மாக்கள் உண்டு. விரல் சிவந்து வீங்கவில்லை, வலி கூடவில்லை, காய்ச்சல் இல்லை என்றால் அது சீழ் அல்ல.

எலும்பு தெரிந்தால்தான் கேள்வியே. குறைத்துத் தைப்பதா, மடல் போடுவதா? வயதானவர், பல நோய்கள் உள்ளவர், சுண்டுவிரல் நுனி, இரண்டு முறை ஆபரேஷனுக்கு வரமுடியாத வீட்டுச் சூழ்நிலை என்றால், குறைத்துத் தைப்பதையே நானும் சொல்வேன். கட்டைவிரலில் மட்டும் கடைசி மில்லிமீட்டர் வரை விட்டுக்கொடுக்க மாட்டேன். கையின் பிடிப்பில் பெரும்பங்கு அதற்கு.

எந்த மடல்

என் முதல் விருப்பம் எப்போதும் அடிபட்ட விரலிலேயே எடுக்கும் மடல். காரணம், அது தன் நரம்போடு வருகிறது. விரல் நுனி என்பது கைக்குக் கண் மாதிரி. அதில் உணர்வு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டிலேயே கண்டு சொன்னவர் ஒருவர் இருந்தார். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் தொழுநோயாளிகளுக்குக் கை அறுவை சிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்ட், அவர்களுடைய விரல்கள் நோயால் தானாக உதிர்வதில்லை, வலி தெரியாததால் சூடும் வெட்டும் பட்டுப்பட்டே சிதைகின்றன என்று காட்டினார். வலி தெரியாத விரலுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாது. எனவே மடல் என்றால் ஓட்டையை மூடுவது மட்டுமல்ல.

குறுக்கே வெட்டுப்பட்ட, அல்லது நகப் பக்கம் அதிகம் போன நுனிக்கு வி–ஒய் மடல். புண்ணின் விளிம்பை அடிப்பாகமாக வைத்து, உள்ளங்கைப் பக்கச் சதையில் 'வி' வடிவில் வெட்டி, மேலே தள்ளித் தைத்தால் தழும்பு 'ஒய்' மாதிரி முடியும். ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வரை நகரும். பக்கவாட்டில் சரிந்த வெட்டுக்கு, உலகெங்கும் கை அறுவை சிகிச்சையில் பயன்படும் ஒரு மடல் நம் சென்னையில் பிறந்தது. ஸ்டான்லி மருத்துவமனையின் டாக்டர் ஆர். வெங்கடசாமி, டாக்டர் சுப்பிரமணியனுடன் சேர்ந்து 1980-இல் வெளியிட்ட சாய்முக்கோண மடல் அது. விரலின் ஒரு பக்க இரத்தக்குழாயையும் நரம்பையும் தண்டாகக் கொண்டு, நீண்ட முக்கோணமாகச் சதையைத் திரட்டி முன்னே நகர்த்துவார்கள். விரல்களை நம்பிப் பிழைப்பவர்கள் நிறைந்த ஊர்களில் பழகிய டாக்டர்களின் கைகள்தான் இப்படி ஒன்றை யோசிக்கும் என்று எனக்குத் தோன்றும்.

கட்டைவிரல் நுனிக்கு, அதன் உள்பக்கச் சதை முழுவதையும் இரண்டு நரம்போடும் முன்னே இழுக்கும் மோபெர்க் மடல் உண்டு. சேதம் பெரிதென்றால் ஆள்காட்டி விரலின் முதுகிலிருந்து பட்டம் போல எடுத்துக் கொண்டுவரும் மடல். நடுவிரல் அல்லது மோதிர விரலின் பக்கச் சதையை நரம்போடு தூக்கி, உள்ளங்கை வழியாகக் கட்டைவிரலுக்குக் கொண்டுவரும் லிட்லர் மடல் ஒரு விசித்திரத்தையும் கூடவே கொண்டுவரும். கட்டைவிரலைத் தொட்டால் நோயாளி "நடுவிரலைத் தொடுறீங்க" என்பார். மூளைக்குப் பழைய முகவரிதான் தெரியும். சிலருக்கு அது மாறுகிறது, சிலருக்குக் கடைசி வரை மாறுவதில்லை.

உள்ளங்கைப் பக்கம் அதிகம் போய், அதே விரலில் எடுக்கப் போதவில்லை என்றால், பக்கத்து விரலின் முதுகிலிருந்து குறுக்கு விரல் மடல். கட்டைவிரல் மேட்டில் நுனியைப் புதைத்து வைக்கும் முறையும் உண்டு. அதில் விரல் மடங்கியே இருப்பதால் இளவயதினருக்கு மட்டும் நல்லது, மற்றவர்களுக்குக் கணு இறுகிவிடும். பல விரல்களில் தோல் உரிந்திருந்தால் கையை இடுப்புக்குக் கீழே தொடையிடுக்குத் தோலோடு மூன்று வாரம் இணைத்து வைப்பார்கள். கால் விரல் சதையை மைக்ராஸ்கோப் உதவியோடு மாற்றிப் பொருத்துவதும் உண்டு.

நம் இளைஞருக்குப் போன சதை பெரிது. அதே விரலிலிருந்து இழுத்தால் விரல் கொக்கி போல மடங்கிவிடும். அதனால் நடுவிரலிலிருந்து குறுக்கு விரல் மடல் என்று முடிவு செய்தோம்.

ஆபரேஷன் அறையில்

பெரும்பாலும் முழு மயக்கம் தேவையில்லை. அக்குளிலோ கழுத்தெலும்புக்கு மேலோ ஒரு ஊசி போட்டால் கை முழுதும் மரத்துப்போகும். மேல்கையில் காற்றுப் பட்டை கட்டி இரத்தத்தைத் தற்காலிகமாக நிறுத்துவோம். நுண்ணிய குழாய்களைக் கண்ணில் மாட்டிய லென்ஸ் வழியாகப் பார்க்க வேண்டும், இரத்தம் ஊறிக்கொண்டிருந்தால் எதுவும் தெரியாது.

முதல் வேலை சுத்தம் செய்வது. கிரீஸ், இரும்புத்தூள், செத்த சதை எல்லாம் போக வேண்டும். நசுங்கல் அதிகமாக இருந்து எது பிழைக்கும் என்று தெரியாவிட்டால், அன்றைக்கே மூடாமல் ஒன்றிரண்டு நாள் கழித்து மறுபடி பார்ப்பதே நல்லது. அழுக்கின் மேல் எவ்வளவு அழகான மடல் போட்டாலும் நிற்காது. எலும்பின் கூர்முனை மழுக்கப்படும். நகப்படுகை கிழிந்திருந்தால் முடியைவிட மெல்லிய, தானே கரையும் நூலால் தைப்போம்.

அடுத்து அளவு. இரத்தம் பட்ட புண்ணின் மேல் காஸ் துணியை ஒற்றினால் வடிவம் அப்படியே பதியும். அதை வெட்டி நடுவிரலின் முதுகில், நடு எலும்புப் பகுதியில் வைத்து, சற்றுப் பெரிதாகவே வரைந்துகொள்வேன். தோல் எப்போதும் சுருங்கும். மூன்று பக்கம் வெட்டி, ஆள்காட்டி விரலை ஒட்டிய நான்காவது பக்கத்தைக் கீல் போல விடவேண்டும். தூக்கும்போது தசைநாணின் மேலிருக்கும் ஈரமான மெல்லிய உறையைக் கிழிக்கவே கூடாது. அந்த உறை இருந்தால்தான் அங்கே ஒட்டுத் தோல் பிடிக்கும். ஆபரேஷன் முழுவதிலும் நான் மூச்சைப் பிடித்துச் செய்யும் இடம் இது.

மடலைப் புத்தகப் பக்கம் போலத் திருப்பி, ஆள்காட்டி விரலின் புண்ணில் விரித்துத் தைக்கிறோம். இந்த நேரத்தில் காற்றுப் பட்டையைத் தளர்த்தி, மடலுக்கு இரத்தம் வருகிறதா என்று பார்ப்போம். கடைசித் தையலில் மடல் வெளுத்தால் அந்தத் தையலைப் பிரித்துவிட வேண்டும். இடைவெளி கொஞ்சம் இருந்தால் ஆறிவிடும், இறுக்கினால் மடல் செத்துவிடும். நடுவிரல் முதுகிலான பள்ளத்துக்கு மேல்கையின் உள்பக்கத்திலிருந்து ஒட்டுத் தோல் வைத்து, பஞ்சுப் பொதியால் அழுத்திக் கட்டுவோம். இரண்டு விரலும் பிரியாமல் கட்டும் பட்டியும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: நம் ஆட்களுக்கு உள்ளங்கைத் தோல் வெளிறியும் கைமுதுகுத் தோல் கறுத்தும் இருக்கும். முதுகுத் தோல் நுனிக்கு வந்தால் அங்கே நிறம் கறுப்பாகத்தான் இருக்கும். கண்ணாடியில் பார்த்துக் கவலைப்படுபவர்களைவிட, முன்பே தெரிந்தவர்கள் எளிதாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

முதல் ஐந்து நாள்

கை நெஞ்சுக்கு மேலே இருக்க வேண்டும். படுத்தால் இரண்டு தலையணை மேல். தொங்கவிட்டால் வீங்கும், வீங்கினால் இரத்தம் வெளியேறாது.

மடலின் ஓரம் தெரியும்படி கட்டு விடப்பட்டிருக்கும். லேசாக அழுத்தி விட்டால் ஏறத்தாழ 2 நொடியில் நிறம் திரும்ப வேண்டும். வெளுத்துக் குளிர்ந்தால் இரத்தம் உள்ளே வரவில்லை. நீலமாகி வீங்கினால் வந்த இரத்தம் வெளியே போகவில்லை. கறுத்த தோலில் நிறம் சரியாகத் தெரியாது, அதனால் பக்கத்து விரலோடு வெப்பத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தேகம் வந்தால் காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல் நர்ஸை உடனே கூப்பிடுங்கள். ஒரு தையலைப் பிரிப்பதும் கட்டைத் தளர்த்துவதும் பல மடல்களைக் காப்பாற்றியிருக்கின்றன.

ஒரு பீடிகூட வேண்டாம். பார்க்க வருகிறவர்களிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். அடிபடாத விரல்கள், முழங்கை, தோள் ஆகியவற்றை மறுநாளிலிருந்தே அசைக்க வேண்டும். கையைக் கட்டிலோடு கிடத்தி வைத்துவிட்டுத் தோளும் இறுகி வந்தவர்கள் நிறைய.

பதியத்தை வெட்டும் நாள்

இரண்டிலிருந்து மூன்று வாரத்தில் விரல்களைப் பிரிப்போம். சந்தேகம் இருந்தால் கீல் பகுதியைச் சில நிமிடம் கவ்வி வைத்து, மடல் நிறம் மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பேன். மாறவில்லை என்றால் புது மண்ணில் வேர் பிடித்துவிட்டது. இது பத்து இருபது நிமிட வேலை. அதே விரலில் செய்த வி–ஒய், முக்கோண மடல்களுக்கு இந்த இரண்டாம் ஆபரேஷன் கிடையாது.

மீதிப் பாதி

நோயாளிகளும் சில டாக்டர்களும் இங்கே கை கழுவிவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். பிரித்த அன்று இரண்டு விரலும் கட்டை போல இருக்கும். நடுவிரலுக்கு அடியே படவில்லை, ஆனாலும் இறுகியிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, ஒரு மணிக்கு ஒருமுறை பத்துத் தடவை மடக்கி நீட்ட வேண்டும். புண் முழுதாக ஆறிய பிறகு தேங்காய் எண்ணெய் தொட்டுத் தழும்பை அழுத்தித் தேய்க்கலாம். பிசியோதெரபிக்குப் போகாத மடல் பெரும்பாலும் அழகுக்கு மட்டுமே மிஞ்சும்.

உணர்வுக்கு வேறு பயிற்சி. முதல் மாதங்களில் நுனி மரத்தும் இருக்கும், தொட்டால் சுரீர் என்றும் இருக்கும். பஞ்சில் ஆரம்பித்து, துணி, அப்புறம் அரிசி, பிறகு மணல் என்று பழக்க வேண்டும். குண்டானில் அரிசியைக் கொட்டி, உள்ளே நாணயம், பட்டன், சாவி ஆகியவற்றைப் புதைத்து, கண்ணை மூடிக்கொண்டு தேடச் சொல்வோம். நரம்பு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளரும். குறுக்கு விரல் மடல் தன் நரம்போடு வருவதில்லை, அடியிலிருந்துதான் ஏற வேண்டும், மாதங்கள் பிடிக்கும், முழுமையாக வராது. அதுவரை சூடான பாத்திரத்தை அந்த விரலால் தொட்டுச் சோதிக்க வேண்டாம்.

நகம் மாதத்துக்கு 3 மில்லிமீட்டர் அளவுதான் வளரும், அது எப்படி வரும் என்று ஆறு மாதம் பொறுத்துப் பாருங்கள். அடியில் எலும்பின் தாங்கல் இல்லாவிட்டால் நகம் கிளி மூக்கு போல வளையும், அதைப் பிறகு சரிசெய்யலாம். குளிர் தாங்காமை பலருக்கு வரும். ஏசி அறையிலும் அதிகாலை பைக் பயணத்திலும் நுனி வெட்டி வலிக்கும். ஓரிரு வருடத்தில் குறைவதே வழக்கம், உறை போட்டுக்கொண்டால் போதும்.

வேலை? வி–ஒய் மடலுக்குப் பொதுவாக ஒன்று, ஒன்றரை மாதம். குறுக்கு விரல் மடலுக்குக் கடின வேலை என்றால் இரண்டு மாதத்துக்கு மேல். இஎஸ்ஐ உள்ளவர்கள் விபத்தை முதல் நாளே பதிவு செய்யச் சொல்லுங்கள். அடிபட்ட அன்று எடுத்த எக்ஸ்ரேயையும் டிஸ்சார்ஜ் தாளையும் பத்திரப்படுத்துங்கள். இழப்பீட்டுக்கு அவைதான் சாட்சி.

அந்த இளைஞர் பத்து நாளில் போகவில்லை, பதினோராவது வாரம் போனார். கடைசியாக வந்தபோது அரிசிக் குண்டானில் ஒரு ரூபாயையும் ஐந்து ரூபாயையும் கண்ணை மூடியபடி பிரித்தெடுத்தார். பழைய மெஷினுக்குத் திரும்ப மாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டாராம். இப்போது அவர் நிற்பது, இரண்டு கையும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால் மட்டும் இறங்கும் பிரஸ்ஸில்.